ஜரிகைக்குள் கத்திய டப்பா

போன மாதம் ஒரு நாள், ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கும்போது என் செல்போன் உயிரை விட்டது. அப்போது மணி என்ன தெரியுமா? காலை பதினொன்று!

ராத்திரி முழுக்க சார்ஜரில் கிடந்த போன் அது. விடிந்ததும் நூறு சதவீதம் என்று பெருமையாகக் காட்டியது. ஏழு மணிக்கு 'குட்மார்னிங்' பூங்கொத்துகள், எட்டு மணிக்கு நாத்தனார் அனுப்பிய சமையல் வீடியோ, ஒன்பது மணிக்குக் குடும்ப குரூப்பில் ஒரு சண்டை... பதினொன்றுக்கு மூச்சு நின்றுவிட்டது. பவர் பேங்க் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதற்கு சார்ஜ் போட மறந்துவிட்டேன்.

"இன்னா ஆன்ட்டி, போனை இப்படி மொறைக்கிறீங்க?"

பக்கத்து சீட்டில் ஜெனிபர். எங்கள் தெருவில் வளர்ந்த பெண். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கிணறு, ஏரி, தெருவிளக்கு என்று கண்டதிலெல்லாம் டப்பா மாட்டும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் மடியில் ஒரு பை. பையிலிருந்து சோப்பு டப்பா அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டியை எடுத்துக் காட்டினாள்.

"இதுக்குள்ள ஒரே ஒரு பேட்டரிதான். அஞ்சு வருஷம் வரும்."

"அஞ்சு நாளா?"

"வருஷம், ஆன்ட்டி!"

இத்தனை காலமாக வாராவாரம் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். எதையும் லேசில் நம்பமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். என் வீட்டில் ஐந்து வருஷம் தாங்கிய ஒரே சாமான், மிக்ஸியின் உடைந்த மூடி. ஆகவே, தாமல் ஏரி நிரம்பிக்கொண்டு வருகிறது, வேடிக்கை பார்க்கலாம் என்று கிளம்பியவள், ஏரியை அப்படியே மறந்துவிட்டு ஜெனிபரோடு முசரவாக்கத்திலேயே இறங்கிவிட்டேன்.

அவள் போனது சரளா வீட்டுக்கு. சரளாவும் அவள் கணவர் ஏழுமலையும் பட்டு நெய்கிறவர்கள். கூடத்தில் குழித்தறி. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன் — தறிக்குக் கீழே தரையில் ஒரு குழி இருக்கும். நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால்கள் இரண்டையும் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். சேலை மடிக்கு நேராக வளர்ந்து, ஒரு கட்டையில் சுற்றிக்கொண்டே வரும்.

மழைக்காலத்தில் அந்தக் குழிதான் எமன். வாசல் வழியாக வரும் தண்ணீருக்கு மணல் மூட்டை போடலாம். மண்ணுக்குள்ளிருந்து ஊறி வருவதற்கு என்ன போடுவது? சுற்றுவட்டாரத்தில் ஏரி குளம் நிரம்பினால், குழிக்குள் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறும். போன வருஷம் அப்படித்தான். இரண்டு நாள் வெளியூர் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால்... நெய்து சுற்றியிருந்த சேலை வரைக்கும் ஈரம். அரக்குக் கரையின் சாயம் சந்தன நிற உடலுக்குள் இறங்கியிருந்தது.

"அத்த பாத்துட்டு ரெண்டு நாளு சோறு எறங்கலக்கா," என்றாள் சரளா. "இந்தவாட்டியும் அப்பிடி ஆச்சுன்னா நான் அவ்ளோதான்."

ஏன் தெரியுமா? தறியில் இப்போது ஏறியிருப்பது அவள் பெயரில் வாங்கிய பாவு. நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகளைத்தான் பாவு என்பார்கள். ஒரு பாவில் மூன்று சேலை நெய்யலாம். பதினைந்து வருஷமாக ஏழுமலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்குக் குறுக்கிழை ஓட்டும் நாடாவை எறிந்தவள் சரளா. சேலையில் பாதி அவள் கை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துப் புத்தகத்திலோ எப்போதும் அவர் பெயர் மட்டும்தான். இந்த வருஷம் அவளே சங்கத்துக்குப் போய் நின்று, உறுப்பினராகி, முதல் பாவைத் தன் பெயரில் வாங்கி வந்திருக்கிறாள்.

"ஒரு சொட்டு ஈரம் பட்டா போதும்க்கா. 'நாங்கதான் அப்பவே சொன்னோமே'ன்னு பேசறதுக்கு நாலு பேரு ரெடியா நின்னுக்கினு இருக்கிறாங்க."

"அந்த நாலு பேர்ல நான் இல்லம்மா," என்றார் ஏழுமலை, தறியை விட்டுத் தலையைத் தூக்காமல்.

ஜெனிபர் அந்த டப்பாவைக் குழிச்சுவரின் மேல்பக்கத்தில் திருகினாள். அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் குழியின் அடிவரைக்கும் தொங்கின. தண்ணீர் வந்து இரண்டையும் தொட்டால் டப்பாவுக்குத் தெரிந்துவிடும். அது உடனே தகவல் அனுப்பும்.

"எங்க அனுப்பும்?"

"அதோ, பெரிய வாட்டர் டேங்க் மேல ஆன்டெனா வெச்சிருக்கோம். மூணு கிலோமீட்டர் வரும். அது வாங்கி என் போனுக்கும் சரளாக்கா போனுக்கும் தள்ளிவிடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டு வைஃபை, ஹாலிலிருந்து சமையலறைக்கு வருவதற்குள் களைத்துப்போகிறது. இந்த சோப்பு டப்பா பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, மண்ணையும் சுவரையும் தாண்டி மூன்று கிலோமீட்டர் பேசுமாம். அதுவும் ஒற்றை பேட்டரியில்!

"கம்மியா பேசும் ஆன்ட்டி, அதான் விஷயம். அரை மணிக்கு ஒருவாட்டி முழிச்சு, 'நான் இருக்கேன், தண்ணி இல்ல'ன்னு சொல்லும். ஒண்ணு ரெண்டு செகண்டுதான். மறுபடி படுத்துரும். மீதி நேரம் பூரா தூங்கிக்கினுதான் இருக்கும். அதான் பேட்டரி அவ்ளோ நாளு வருது."

"அது சொன்னது அங்க கேக்கலன்னா?" என்றாள் சரளா. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"கேட்டா அங்கிருந்து ஒரு பதில் வரும்கா. பதில் வரலன்னா திரும்பச் சொல்லும். அப்பவும் வரலன்னா இழுத்துச் சொல்லும்."

"இழுத்துன்னா?"

"தூரமா கொல்லையில நிக்கிறவங்கள எப்டி கூப்பிடுவீங்க?"

சரளா யோசிக்கவே இல்லை. "முருகேசாஆஆஆ... ஏ முருகேசாஆஆஆ!"

பக்கத்து வீட்டு முருகேசன் — ஏழுமலைக்குத் தம்பி முறை, அவரும் நெசவுதான் — பதறிக்கொண்டு ஓடி வந்தார். "இன்னா அண்ணி, இன்னா ஆச்சு?"

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பவே ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"அதேதான்," என்றாள் ஜெனிபர் சிரித்துக்கொண்டே. "வேகமா சொன்னா காத்துல கலஞ்சிடும். மெதுவா, நீட்டி, நீட்டிச் சொன்னா எவ்ளோ இரைச்சல்லயும் அங்க பிடிச்சிக்கும். டைம் எடுக்கும், பேட்டரியும் அதிகமா குடிக்கும். வேற வழி இல்லன்னாதான் அது அப்படிப் பண்ணும்."

"எவ்வளவு கரண்ட்ல பேசுது?" என்றேன்.

"டிவிய ஆஃப் பண்ணப்புறம் ஒரு சின்ன சிவப்பு லைட்டு எரியும் பாருங்க. கிட்டத்தட்ட அவ்ளோதான்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. நிஜமாகத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டு டிவியில் அந்தச் சிவப்புப் பொட்டு வருஷக்கணக்கில் சும்மா எரிந்துகொண்டிருக்கிறது. அந்தத் துளி வெளிச்சத்தின் பலத்தை வைத்துக்கொண்டு ஒரு டப்பா மூன்று கிலோமீட்டருக்குக் கூப்பிடுகிறது! தாமல் ஏரிக் கரையிலும் இப்படி ஒன்று இருக்கிறதாம். ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று அரை மணிக்கு ஒரு முறை சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறதாம். நான் மூச்சு விடும் அதே காற்றில், எனக்குக் கேட்காமல், ஏரி தன் கணக்கைச் சொல்லிக்கொண்டு போகிறது. கூடத்தில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

ஜெனிபர் ஆன்டெனாவைச் சரிபார்க்க டேங்க் பக்கம் கிளம்பினாள். ஏழுமலை டீ வாங்கிவரப் போனார். அப்போதுதான் நானும் சரளாவும் சேர்ந்து அந்தக் காரியத்தைச் செய்தோம்.

"குழியில தூசு, பூச்சி, எலி எல்லாம் வரும்க்கா. இத்த இப்பிடியே வுடறதா?" என்றாள்.

காலையில் தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உட்காருகிறவள் சரளா. தறியில் வேலை செய்யும் சாமான் எதுவானாலும் அந்த வீட்டில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. அதற்குப் போய்க் கந்தல் துணியைச் சுற்ற மனசு வருமா? பீரோவைத் திறந்தாள். முன்பு எப்போதோ மாதிரிக்காக நெய்த ஒரு துண்டை எடுத்தாள். உடல் முழுக்க அசல் ஜரிகை... அந்த இருட்டுக் கூடத்தில் தகதகவென்று மின்னியது. இரண்டு சுற்றாகச் சுற்றி, பட்டு நூலால் இறுக்கிக் கட்டினாள். தொங்கும் கம்பிகளை மட்டும் கீழ்ப்பக்கம் வெளியே விட்டாள்.

"நல்லாருக்குதாக்கா?"

"பொன்னாடை போத்தின மாதிரி இருக்குதுமா!" என்றேன். எங்கள் ஊரில் யார் வந்தாலும் பொன்னாடை இல்லாமல் அனுப்பமாட்டோம். ஐந்து வருஷம் உழைக்க வந்தவருக்கு இல்லாமலா? ஒரு போட்டோ எடுத்து ஜெனிபருக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். செத்துக் கிடந்தது.

அந்த போட்டோ மட்டும் போயிருந்தால் இந்தப் பத்தியை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

நான்கு நாள் கழித்து ஜெனிபர் கூப்பிட்டாள். "சரளாக்கா வீட்டு டப்பா ஏதோ சரியில்ல ஆன்ட்டி. பத்துவாட்டி சொல்ல வேண்டிய எடத்துல ஒண்ணு ரெண்டுதான் வருது. பேட்டரி வேற எறங்கிக்கினே போகுது. அக்காகிட்ட கேட்டா, 'நான் எதையும் மாத்தல, பத்திரமா வெச்சிருக்கேன்'ன்றாங்க. அன்னிக்கு நீங்க இருந்தீங்களே... எதுனா பண்ணாங்களா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பண்றதா? ராஜா மாதிரி வெச்சிருக்காம்மா!"

பொய் இல்லையே. சரளா சொன்னதும் பொய் இல்லை.

"அப்ப ஈர மண்ணாலதான் இருக்கும். ஏரி வேலை முடிஞ்சதும் போய் பாக்கிறேன்," என்று வைத்துவிட்டாள்.

மழைக்காலம். ஏரிகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்ப, அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. இரண்டு வாரம் ஓடிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு இரண்டு நாளாகியிருந்தது, வெயில்கூட அடித்தது. இந்த முறை தப்பவிடக் கூடாது என்று தாமல் ஏரிக்கே போய்விட்டேன். கரை நிறைய ஜனம். உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வெள்ளையாக நுரைத்துக்கொண்டு போனது. ஒரு அம்மா மஞ்சள் குங்குமம் போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் மூன்று மணி இருக்கும், போன் அடித்தது. பன்னிரண்டு சதவீதம் சார்ஜ்.

"ஆன்ட்டி, எங்க இருக்கீங்க?" ஜெனிபர்தான். "சரளாக்கா வீட்டு டப்பாலருந்து தண்ணின்னு மெசேஜ் வந்துச்சு. ஒரே ஒரு மெசேஜ். அப்புறம் சத்தமே இல்ல. அவங்க ரெண்டு பேரும் அரக்கோணத்துல கல்யாணத்துல இருக்கிறாங்க, போன் எடுக்கல. நான் ஐயம்பேட்டைல மாட்டிக்கினேன்..."

ஊருக்கு அந்தப் பக்கம் ஐயம்பேட்டை. அங்கிருந்து அவள் வருவதற்குள்? நான் ஓடினேன். இந்த வயதில், இந்த உடம்போடு, ஏரிக்கரையில் ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்தேன். சரளா சங்கத்தில் போய் நின்றதும், அந்த நாலு பேர் காத்துக்கொண்டிருப்பதும்தான் வழி முழுக்க மனசுக்குள்.

சரளா வீடு பூட்டியிருந்தது. சாவி முருகேசனிடம்தான் இருக்கும். அவரோ ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடித்து நல்ல தூக்கம். கதவைத் தட்டினேன், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அசையவில்லை. கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன் — "முருகேசாஆஆஆஆ!"

வந்தார்.

கதவைத் திறந்தோம். குழிக்குள் கறுப்பாகத் தண்ணீர். பாதிக்கு மேல் ஏறி, ஒரு சலனமும் இல்லாமல் நின்றது. நெய்த சேலை சுற்றிய கட்டைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண்தான். பதறிப்போய் சேலையைத் தூக்கக் கையை நீட்டினேன்.

"தொடாதீங்கக்கா! கை ஈரம்!" முருகேசன் போட்ட அதட்டலில் அப்படியே நின்றுவிட்டேன். பார்த்தால், என் கையெல்லாம் வேர்வை. அவர் தன் கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். பிளாஸ்டிக் ஷீட்டைக் கொண்டுவந்து கட்டைக்கு அடியில் தொட்டில் மாதிரி இழுத்துக் கட்டினார். அதற்குப் பிறகுதான் வாளியைத் தொடவிட்டார். நானும் அவர் மனைவியும் மொண்டு மொண்டு கொடுக்க, அவர் வெளியே கொட்டினார். மொள்ள மொள்ள ஊறியது. யாரோ ஒரு சின்ன மோட்டார் கொண்டுவந்தார்கள். சாயங்காலம் வரைக்கும் போராடினோம்.

போனில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் சரளா வந்துவிட்டாள். கல்யாணத்துக்குக் கட்டிய புடவையோடு, தலையில் வாடிய பூவோடு ஓடி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. புறங்கையால் சேலையைத் தொட்டாள். கட்டையை மெதுவாக உருட்டி, அடிப்பக்கத்தைத் தொட்டாள். மறுபடியும் தொட்டாள்.

"காஞ்சிதான் இருக்குது," என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். ஏழுமலை பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சற்று நேரத்தில் ஜெனிபரும் வந்து சேர்ந்தாள். நேராகக் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். சுவரில், தண்ணீர் ஏறிய தடத்துக்கு விரற்கடை மேலே, ஜரிகைப் போர்வையோடு டப்பா.

"யாருக்கா இத்த சுத்தினது?"

சரளா என்னைப் பார்த்தாள். நான் முருகேசனைப் பார்த்தேன். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

"அசல் ஜரிகையா?"

"பின்ன? நான் டூப்ளிகேட்டா சுத்துவேன்?" சரளாவுக்கு அந்த அழுகையிலும் ரோஷம் வந்துவிட்டது.

ஜெனிபர் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, அசல் ஜரிகைன்னா வெள்ளி! வெறும் துணின்னா சத்தம் தாண்டிப் போயிடும், செங்கல்லுன்னாகூட போயிடும். உலோகத்தத் தாண்டாது. நீங்க அத்த ஒரு வெள்ளிப் பொட்டிக்குள்ள வெச்சு பூட்டிட்டீங்க!"

நானும் உடந்தை என்பதைச் சொல்லிவிட்டேன். பொன்னாடை என்று பாராட்டியதையும் மறைக்கவில்லை. வேறென்ன செய்ய?

அவள் திட்டவில்லை. போனை எடுத்து எதையோ பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அந்த டப்பா அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரிசை எண் உண்டாம். வந்து சேர்ந்த எண்ணைப் பார்த்தால், நடுவில் எத்தனை காணாமல் போயின என்று தெரிந்துவிடுமாம்.

"காலையிலயே தண்ணி தொட்டிருக்குது ஆன்ட்டி. அப்பலருந்து கத்திக்கினே இருந்திருக்குது. நூத்துக்கணக்குல. ஒண்ணும் வெளிய வரல. இழுத்து இழுத்துச் சொல்லிச் சொல்லி... மூணு மணிக்குத்தான் ஒண்ணு தப்பிச்சு வந்திருக்குது. கம்பி தொங்குற எடத்துல துணி கொஞ்சம் வெலகி இருக்குது பாருங்க, அந்த வழியா."

அன்று மட்டுமா? கட்டிய நாளிலிருந்தே, 'நான் இருக்கேன், தண்ணி இல்ல' என்பதைச் சொல்லக்கூட அது வெள்ளிக்குள்ளிருந்து தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது. பல மாசத்துக்கு வர வேண்டிய உயிரை மூன்று வாரத்துக்குள் செலவழித்திருக்கிறது.

"ஒரு தடவ சொன்னதும் ஏன் சத்தமே இல்ல? அதோட செத்துப்போச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல ஆன்ட்டி. அந்த ஒண்ணுக்கு டேங்க்லருந்து பதில் போயிருச்சு. கேட்டுட்டாங்கன்னு தெரிஞ்சதும் நிறுத்திக்கிச்சு. தூங்குது."

நான் அந்தச் சோப்பு டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சின்னச் சிவப்பு விளக்கின் பலம்தான் அதற்கு. எதற்காகக் கத்துகிறோம் என்றுகூடத் தெரியாது. சேலை என்றால் என்ன, சங்கம் என்றால் என்ன, சரளா யார்... எதுவும் தெரியாது. பதில் வரவில்லை, அதனால் மறுபடி. மறுபடி. மறுபடி. பதில் வந்தது, போதும். இதை யாரோ சில மனுஷர்கள், எங்கேயோ ஒரு மேஜையில் உட்கார்ந்து, இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! அவர்களை நினைத்துத்தான் பிரமிப்பு அடங்கவில்லை. கோயில் குளம் எல்லாம் சுற்றியவள்தான் நான். இப்படிக் கைகூப்பத் தோன்றியது ரொம்ப நாளைக்குப் பிறகு.

ஜெனிபர் ஜரிகைத் துண்டை அவிழ்த்தாள். புது பேட்டரி போட்டாள். சரளாவுக்கு மனசே ஆறவில்லை. "இவ்ளோ பண்ண பொருளை வெத்து ஒடம்பா நிக்க வெக்கறதாம்மா?" என்று கேட்டாள். கடைசியில் சமரசம் — டப்பாவுக்கு ஒன்றும் கிடையாது, அது மாட்டியிருக்கும் சுவரில் ஒரு குங்குமப் பொட்டு.

போன வெள்ளிக்கிழமை முதல் சேலையைத் தறியிலிருந்து இறக்கினாள். சங்கத்துக்கு எடுத்துப் போகும்போது என்னையும் கூப்பிட்டாள். மடிப்பைப் பிரித்துப் பார்த்த சங்கத்துக்காரர் கரையைத் தடவினார், முந்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சீட்டை எழுதிச் சேலையோடு கட்டினார். அந்தச் சீட்டை சரளா என் முகத்துக்கு நேரே நீட்டினாள். 'நெய்தவர்: மு. சரளா.'

பதினைந்து வருஷமாக அவளும் தறிக்குப் பக்கத்திலிருந்து ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் பதில் வந்திருக்கிறது.

என் போன் மட்டும் இன்றைக்கும் பதினோரு மணிக்கு மண்டையைப் போட்டது. நாள் முழுக்க எத்தனை பேச்சு, எத்தனை பூங்கொத்து... அதில் போய்ச் சேர்ந்தது எத்தனை என்று யாருக்குத் தெரியும்?

நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுவிட்டது, இல்லையா? சரி... நிறுத்திக்கொள்கிறேன்.